தூர் வாருவது யார்? கடலூர்க் கரையில் வெளிநாட்டு உதவியும் தொழிலும்

(சிதம்பரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தனியார் தொழில் வளர்வதற்கும் இயற்கை வளத்தைப் பொறுப்போடு ஆள்வதற்கும் வெளிநாட்டு உதவி எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பது எனக்குத் தந்த பொருள். டெல்லியிலும் வாஷிங்டனிலும் இதைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதியிருக்கிறார்கள். நான் கடலூருக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கரையை மட்டும் வைத்துப் பேசப்போகிறேன். இந்தச் சிறிய கரையில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக வெளிப்பணம் வந்து வந்து போயிருக்கிறது. என்ன செய்தது, எதை விட்டுப்போனது என்பதை நம் கண்ணாலேயே பார்க்க முடியும்.

பரங்கிப்பேட்டையிலிருந்து தொடங்குகிறேன். ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கும்பினியின் அதிகாரியாக இருந்தவர். அந்த வேலையை உதறிவிட்டு 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தார். கும்பினி அரசு அவருக்கு முன்பணம் கொடுத்தது, தனியுரிமைச் சலுகையும் கொடுத்தது. அரசுப் பணத்தின் துணையோடு ஒரு தனியார் தொழிலை வளர்த்தெடுக்கும் முயற்சி நம் மண்ணில் அப்போதே நடந்திருக்கிறது. தாது சேலத்து மலைகளிலிருந்து வந்தது. பரிசல்களில் ஏற்றிக் கொள்ளிடத்தின் வழியே கொண்டுவந்தார்கள். இங்கே உருக்கிய இரும்பு கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனது. உருக்குவதற்கு நிலக்கரி கிடையாது, மரக்கரிதான். உலை கேட்ட அளவுக்குக் காட்டை வெட்டிக்கொண்டே போனார்கள். பக்கத்துக் காடு தீர்ந்ததும் அடுத்த காடு, அதுவும் தீர்ந்ததும் அதற்கப்பால் உள்ள காடு. தூரம் கூடக் கூடக் கரியின் விலை ஏறியது. கம்பெனியின் பெயர் மாறியது, உடைமையாளர்கள் மாறினார்கள், 1853-இல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்று புதிதாகத் தொடங்கினார்கள். 1860-களில் எல்லாம் அடங்கிவிட்டது. அது விழுந்ததற்குக் காரணங்கள் பல. ஆனால் தாதுக்கும் முதலுக்கும் சந்தைக்கும் கணக்குப் போட்டவர்கள், வெட்டிய காடு திரும்ப வளர்வதற்கு ஆள் வைக்கவில்லை என்பது அவற்றுள் பெரிய காரணம்.

இதைச் சொல்வதற்கு ஒரு நோக்கம் உண்டு. ஒரு தொழில் எந்த நீரையும் மண்ணையும் மரத்தையும் உண்டு வளர்கிறதோ, அதற்குப் பொறுப்பானவர் யார் என்பதைப் பணம் வருமுன்பே தீர்மானிக்க வேண்டும். பணம் வந்தபின் அதைப் பேச யாருக்கும் பொழுது இருக்காது. பணம் போனபின் பேசுவதற்கு ஆளே இருக்காது. இந்தக் கரையில் நல்லது நடந்த இடங்களிலெல்லாம் அந்தக் கேள்விக்கு முதலிலேயே விடை இருந்தது. கெட்டது நடந்த இடங்களில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவே இல்லை. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்குச் சான்று.

நெய்வேலியைத் தொடாமல் கடலூர் மாவட்டத்தில் வெளிநாட்டு உதவி பற்றிப் பேச முடியாது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பும் பழுப்புமாக ஏதோ வந்தது. அது பழுப்பு நிலக்கரி. அதை வெட்டியெடுக்க 1956-இல் நிறுவனம் உருவானது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். மேற்கு ஜெர்மனி சுரங்க இயந்திரங்களைத் தந்தது, சோவியத் நாடு அனல்மின் நிலையத்தைக் கட்டித்தந்தது. உலகம் இரண்டாகப் பிரிந்து நின்ற காலத்தில் இரு தரப்பும் நம் மாவட்டத்தில் ஒரே வளாகத்துக்குள் வேலை செய்தன. 600 மெகாவாட் திறன்கொண்ட அந்த முதல் நிலையம் 2020 வரை மின்சாரம் தந்துவிட்டுத்தான் ஓய்ந்தது. அது அரசு நிறுவனம், தனியார் தொழில் அல்ல. என்றாலும் தமிழ்நாட்டின் தனியார் ஆலைகள் அந்த மின்சாரத்தில் ஓடின. அந்த உதவியை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் அங்கே பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு ஊற்றுநீர் இருக்கிறது. அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரை பிளந்து தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். ஆகவே இராப்பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இயந்திரமும் பொறியியல் அறிவும் வெளிநாட்டிலிருந்து வந்தன. இறைத்த நீரால் சுற்றுவட்டார உழவரின் கிணற்றில் மட்டம் இறங்கினால் யாரிடம் போய்க் கேட்பது என்பதற்கான ஏற்பாடு அவற்றோடு வரவில்லை. அந்தக் கேள்வி பிள்ளைகள் காலத்துக்கு வந்து, இப்போது பேரப்பிள்ளைகள் காலத்திலும் நிற்கிறது. 2023 ஜூலையில் அந்த நிறுவனம் பக்கத்து வளையமாதேவியில் கதிர் பிடிக்கும் நெற்பயிரின் மேல் இயந்திரத்தை ஏற்றி வாய்க்கால் வெட்டியதை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். நெய்வேலியைப் பற்றிப் பேச இங்கே என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் கடற்கரைக்குப் போகிறேன்.

பிச்சாவரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில், திட்டுத் திட்டாக அலையாத்திக் காடு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரத்தை இன்று பார்க்க வேண்டுமானால் அங்கேதான் போக வேண்டும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகும் என்று படகோட்டிகள் எச்சரிப்பார்கள். சுற்றுலாப் பயணிகள் படகில் ஏறி, சுரபுன்னை வேர்கள் கூரைபோல் கவிந்த ஓடைகளில் போய்வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பசுமையைத் தாண்டி உள்ளே ஒரு காலத்தில் ஏக்கர் கணக்கில் வெறும் சேறும் உப்பும் வெளுத்துக் கிடந்தன என்பது அவர்களுக்குத் தெரியாது.

அந்த இடம் எப்படி வெளுத்தது? பிரிட்டிஷ் ஆட்சிக் காலந்தொட்டு 1970-கள் வரை காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் மரத்தை ஒட்ட வெட்டி எடுப்பதுதான் வனத்துறையின் நடைமுறை. வெட்டினால் தானாக முளைத்துவிடும் என்று கணக்கு. மலைக்காட்டில் அது நடக்கலாம். சதுப்பில் நடக்கவில்லை. மரம் போன சேறு வெயிலுக்குத் திறந்து கிடந்தது. ஈரம் ஆவியாகி மண் சுருங்கி அமிழ்ந்தது. சுற்றிலும் மேடு, நடுவில் தொட்டி. ஓதம் ஏறும்போது உள்ளே வந்த உப்புநீர் வற்றும்போது வெளியேறவில்லை. தேங்கிய நீர் காய்ந்து உப்பு மட்டும் தங்கியது. அடுத்த ஏற்றத்தில் இன்னும் கொஞ்சம் நீர், இன்னும் கொஞ்சம் உப்பு. கடல்நீரைவிட உவர்ப்பான மண்ணில் கடல் உவர்ப்பையே தாங்கும் அலையாத்தி விதைகூட முளைக்காமல் போனது. மேலே அணைகளும் பாசனமும் பெருகக் கொள்ளிடம் வழி வரும் நன்னீரும் குறைந்தது.

இத்தனைக்கும் பழி யார் தலையில் விழுந்தது? கரையோர ஊர்க்காரர்கள் தலையில். விறகு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள், அதனால்தான் காடு அழிந்தது என்று ஆண்டாண்டாகச் சொன்னார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களில் மண்ணின் உவர்ப்பையும் நில மட்டத்தையும் அளந்து, பழைய வெட்டுக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தார்கள். காடு அழிந்ததற்குக் காரணம் ஒட்ட வெட்டிய நிர்வாக முறை என்று காட்டினார்கள். எனக்கு இந்தக் கண்டுபிடிப்பு நட்ட மரங்களைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. நோயை யார் தலையில் கட்டுகிறோமோ அவரை மருத்துவத்திலிருந்து விலக்கிவிடுவோம். ஊர்க்காரன் குற்றவாளி என்றால் வேலி போட்டுக் காவல் வைப்பதுதான் திட்டமாகும். ஊர்க்காரன் குற்றவாளி இல்லை என்றால் அவனோடு உட்கார்ந்து பேசலாம்.

அப்படி உட்கார்ந்து பேசி நடந்த வேலைக்குப் பணம் கொடுத்தது கனடா. இந்திய கனடா சுற்றுச்சூழல் நிதியத்தின் ஆதரவில் 1996 முதல் தமிழ்நாடு, ஆந்திரம், ஒடிசா மூன்று மாநிலங்களிலும் அலையாத்திக் காட்டைக் காக்கும் திட்டம் நடந்தது. இங்கே வனத்துறையும் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர்மக்களும் சேர்ந்து செய்தார்கள். செய்த வேலை எளியது. வெளுத்துக் கிடந்த தொட்டிகளின் குறுக்கே ஒரு பெரிய வாய்க்கால். அதன் இரு பக்கமும் சாய்வாகப் பிரியும் சிறு வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள்ளைப்போல் இருக்கும். பெரிய வாய்க்காலின் வாயை ஓடையோடு சேர்த்துவிட்டால் ஓதம் ஏறும்போது நீர் எல்லா முள்ளுக்குள்ளும் போகும், வற்றும்போது உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வரும். கரைச் சரிவில், வேரை நீர் தொட்டுப்போகும் உயரம் பார்த்து வெண்கண்டலையும் சுரபுன்னையையும் நட்டார்கள். எந்த உயரத்தில் நீர் நிற்கும் என்பதை அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் அளவுகோல் இல்லாமலே சொன்னார்கள்.

செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2003-இல் வெளியான ஆய்வு, பதினைந்து ஆண்டுக் காலத்தில் பிச்சாவரத்தின் காட்டுப்பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடியதாகச் சொன்னது. 2022-இல் பிச்சாவரம் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

தொழில் எங்கே வந்தது என்று நீங்கள் கேட்கலாம். பிச்சாவரத்துக்குப் பக்கத்தில், கிள்ளையை அடுத்த எம்.ஜி.ஆர். நகரில் இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. திட்டம் தொடங்கியபோது இவர்களிடம் படகு இல்லை, வலை இல்லை. இருளர் பெண்கள் இறால் பிடிப்பதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவிப் பிடிப்பார்கள். துழாவ இரண்டு கையும் வேண்டும். ஆகவே பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறியின் வாயைப் பல்லால் கடித்துக்கொண்டே மணிக்கணக்கில் நகர்வார்கள். மற்ற மீனவர் இவர்களை மீனவராக ஏற்கவில்லை. பழங்குடிச் சான்று கையில் இல்லாததால் அரசும் இவர்களைப் பழங்குடியாக ஏற்கவில்லை. திட்டக்காரர்கள் முதலில் கொடுத்தது வலை அல்ல, அந்தச் சான்று கிடைப்பதற்கான துணை. பிறகு குடியிருப்பு, பள்ளிக்கூடம், அதன்பின் வலையும் படகும். வெட்டிய வாய்க்கால்களில் மீனும் இறாலும் நண்டும் நுழைந்தன. வாய்க்காலைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு அங்கே மீன் பிடிக்கும் பழக்கம் வந்தது. காடு பிழைத்தால் தம் பிழைப்பும் பிழைக்கும் என்பதை யாரும் அவர்களுக்குப் பாடம் நடத்தவில்லை. கையில் விழுந்த இறாலே சொன்னது.

2004 டிசம்பர் 26. சுனாமி வந்த அந்த நாளைப் பற்றி இந்த அவையில் நான் விரிக்க வேண்டியதில்லை. நம் மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடலுக்கும் கழிக்கும் நடுவில் மணல்மேட்டில் இருந்த சின்னவாய்க்கால், பில்லுமேடு, எம்.ஜி.ஆர். திட்டு ஆகிய ஊர்கள் சிதைந்தன. அடுத்த ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் டேனிஷ் ஆய்வாளர் ஃபின் டேனியல்சன் குழுவினர் கடலூர்க் கரையைப் பற்றி எழுதினார்கள். அலையாத்திக் காட்டுக்கு முன்னால், கடலை ஒட்டி இருந்த இரண்டு ஊர்கள் முழுதும் அழிந்தன, காட்டுக்குப் பின்னால் இருந்த மூன்று ஊர்கள் சேதமில்லாமல் தப்பின என்று பதிவு செய்தார்கள். பரங்கிப்பேட்டையில் உள்ள உங்கள் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தின் பேராசிரியர் கதிரேசனும் ராஜேந்திரனும் 18 ஊர்களை ஆராய்ந்து காடு உயிரைக் காத்தது என்றார்கள். அதை மறுத்து, கடலிலிருந்து உள்ள தூரமும் நிலத்தின் உயரமுமே முக்கியக் காரணம் என்று வேறு சிலர் அதே தரவை மறுபடி கணக்கிட்டு எழுதினார்கள். அறிவியலில் இந்த விவாதம் வேண்டியதுதான். காட்டின் பின்னால் குடியிருந்தவர்களுக்கு அதில் ஐயம் இல்லை.

சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை கண்ட பணத்தை அதற்கு முன் கண்டதில்லை. உலக வங்கி 2005-இல் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்குமாக 46.5 கோடி டாலர் கடனை அறிவித்தது. ஆசிய வளர்ச்சி வங்கி வந்தது. உலகெங்கும் மக்கள் தம் சட்டைப்பையிலிருந்து கொடுத்த பணம் தொண்டு நிறுவனங்கள் வழியாக வந்தது. அந்த மக்களின் ஈர நெஞ்சுக்கு நான் இன்றும் கைகூப்புவேன். அந்தப் பணம் பெரும்பாலும் என்னவாக வந்தது? ஃபைபர் படகாக வந்தது.

படகு கொடுப்பது எளிது. இழந்தவர் கண்முன்னே இருக்கிறார், படகு கட்டும் பட்டறை இருக்கிறது, கொடுத்த அன்றே படம் எடுத்து அனுப்பலாம். சொன்ன மாதத்துக்குள் பணத்தைச் செலவழித்தாக வேண்டும் என்ற நெருக்கடியும் கொடையாளருக்கு உண்டு. கட்டுமரம் இருந்தவருக்கும் படகு, கூலிக்குப் போனவருக்கும் படகு. வரிசையாகக் கட்டுமரம் கிடந்த கரையில் வரிசையாக ஃபைபர் படகு வந்தது. கடலில் உள்ள மீன் அதே மீன்தான். எத்தனை படகை இந்தக் கரை தாங்கும் என்று அந்த ஆண்டில் யாரும் உரக்கக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கல்நெஞ்சன் என்று பெயர் வந்திருக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று கரையில் இருந்தது. கட்டுமரத்துக்குத் துடுப்பும் பாயும் போதும். ஃபைபர் படகுக்கு இயந்திரம் வேண்டும், எண்ணெய் வேண்டும், ஐஸ் வேண்டும், கூடுதல் வலை வேண்டும். இதற்கு அன்றாடம் பணம் வேண்டும். வங்கி கொடுக்காது. கரையில் ஏலம் விடுபவரும் வியாபாரியும் கொடுப்பார்கள். வட்டி கேட்கமாட்டார்கள். மீனை அவர் கையில்தான் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு விற்பனையிலும் அவர் கழிவு எடுத்துக்கொள்வார். கழிவு நூற்றுக்கு ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் ரூபாய்க்கு மீன் விற்ற நாளில் ஐந்நூறு ரூபாய் போகும். ஆண்டில் இருநூறு நாள் அப்படித் தொழில் நடந்தால் ஒரு லட்சம் போகும். வாங்கிய முன்பணமோ ஒரு ரூபாய்கூடக் குறையாமல் அப்படியே நிற்கும். அதை ஒரே தவணையில் திருப்பிக் கொடுத்தால்தான் விடுதலை. விலையும் அவர் சொன்ன விலைதான். இலவசமாக வந்த படகு புதிய கடனுக்கு வாசலைத் திறந்துவிட்டது. வியாபாரியைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. நள்ளிரவில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் கதவைத் தட்டக்கூடிய ஒரே இடம் அவர் வீடு. அந்த வேலையைச் செய்ய வேறு ஏற்பாடு இல்லாதவரை அவர் இருப்பார்.

இந்த முடிச்சைச் சரியாகப் புரிந்துகொண்டு வந்த உதவி ஒன்று உண்டு. ஐ.நா. அவையின் வேளாண் வளர்ச்சிக்கான பன்னாட்டு நிதியம் கடனாகக் கொடுத்த பணத்தில், சுனாமிக்குப் பிந்தைய நிலையான வாழ்வாதாரத் திட்டம் 2007 முதல் தமிழ்நாட்டுக் கடலோர மாவட்டங்களில் நடந்தது. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் நடத்தியது. படகு கொடுக்கும் காலம் முடிந்தபின் தொடங்கியதால் செய்தித்தாளில் அதிகம் வரவில்லை. ஊருக்கு ஊர் மீன் விற்பனைச் சங்கம் அமைத்து, பழைய முன்பணத்தை அடைத்து, மீனவரே கூடி ஏலம் விடும் ஏற்பாட்டைச் செய்தது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு கேரளத்திலும் குமரியிலும் பல ஆண்டுகள் நடத்திப் பார்த்த முறை அது. அன்றாட விற்பனையில் ஒரு பங்கைக் கடனுக்கும் ஒரு பங்கைச் சேமிப்புக்கும் அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். மீன் பட்ட நாளில் கூடக் கட்டுவார்கள், படாத நாளில் கட்டவேண்டாம். மாதத்தவணை கேட்கும் வங்கிக்குக் கடல் புரியாது. இந்தச் சங்கத்துக்குப் புரிந்தது.

இதே திட்டத்தில் கடலுக்கடியில் செயற்கைப் பாறைத் திட்டுகளும் போட்டார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் வடிவமைத்தார்கள், எங்கே போடுவது என்பதை மீனவரோடு கலந்து முடிவு செய்தார்கள். பாறை உள்ள இடத்தில் மீன் கூடும். இழுவை மடி அங்கே சிக்கிக் கிழியும் என்பதால் விசைப்படகு விலகிப்போகும். தொழிலுக்கு ஊக்கமும் வளத்துக்குக் காவலும் ஒரே செலவில் கிடைத்தன. எல்லா ஊரிலும் எல்லாச் சங்கமும் நிலைத்தன என்று நான் சொல்லவரவில்லை. தலைவர் நல்லவராக அமைந்த ஊரில் நின்றன, வியாபாரியே மறைமுகமாகச் சங்கத்தைப் பிடித்த ஊரில் சாய்ந்தன. ஆனால் உதவி எங்கே கை வைக்க வேண்டும் என்பதை இது சரியாகக் கண்டது.

அப்படிக் கை வைக்காமல் விட்டதன் விளைவையும் சொல்ல வேண்டும். சுனாமிக்குப் பின் நம் கரையில் சுருக்குமடி வலை பரவியது. பல குடும்பங்கள் பங்கு போட்டு, நகையை விற்று, கந்துவட்டிக்குக் கடன் எடுத்து வாங்கிய வலை. 2000-லேயே தமிழ்நாடு அரசு அதைத் தடை செய்திருந்தது. தடை தாளில் இருந்தது, முதலீடு கடலில் இருந்தது. ஒரே இனத்து ஊர்கள் இரு கூறாகப் பிரிந்து ஒருவரையொருவர் எதிர்த்து மறியல் செய்தன. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், பன்னிரண்டு கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் திங்கள், வியாழன் இரு நாள், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை என்று இடைக்கால அனுமதி தந்தது. தேவனாம்பட்டினத்து மீனவர் எந்தக் கிழமையில் எந்த மணிக்கு வலை போடலாம் என்று டெல்லியில் உள்ள நீதிமன்றம் சொல்ல வேண்டிய நிலைக்கு நாம் வந்தோம். 2010-11-இல் உலக உணவு வேளாண் அமைப்பும் உலக வங்கியும் தமிழ்நாடு, புதுச்சேரி மீன்வள மேலாண்மை பற்றி விரிவான ஆய்வு நடத்தின. கடலை ஆளும் பொறுப்பில் அரசோடு மீனவரும் சமமாக உட்கார வேண்டும் என்பதே அதன் அடிக்கருத்து. அறிக்கை வந்தது. உட்கார இருக்கை வரவில்லை.

இறால் பண்ணைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது தனியாக ஒரு சொற்பொழிவு. 1980-களின் தொடக்கத்தில், உலக உணவு வேளாண் அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையிலிருந்து இயங்கியபோது, கிள்ளைக் கழியில் வலையடைப்புப் போட்டு மீனவக் குடும்பங்களே இறால் வளர்க்க முடியுமா என்று பார்த்தார்கள். ஸ்வீடன் நாட்டின் பணம். தொழில்நுட்பம், வரவுசெலவு, ஊரின் சமூக நிலை மூன்றையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். பத்தாண்டு கழித்து வந்த இறால் அலைக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை. நிலத்தில் முதல் போடும் தனியாரும் ஏற்றுமதி வாரியமும் வங்கிகளும் சேர்ந்து வயலைக் குட்டையாக்கின. குடிநீர்க் கிணறு உவர்த்தது. 1990-களின் நடுவில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து குட்டைகள் காலியாயின. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின்தான், 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. முதலில் பொறுப்பு, பிறகு பணம் என்று கிள்ளையில் தொடங்கிய நாம், முதலில் பணம், பிறகு நோய், பிறகு வழக்கு, கடைசியில் சட்டம் என்று தலைகீழாக நடந்தோம்.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பகுதிக்கு வந்த வெளியுதவி இவை எல்லாவற்றிலும் சிறியது. உப்பனாற்றங்கரையில் 1980-களிலிருந்து இரசாயன ஆலைகள். குடிகாட்டிலும் ஈச்சங்காட்டிலும் இரவில் நாற்றம் தாங்காது. புகார் கொடுத்தால் அதிகாரி வருவதற்குள் காற்று மாறிவிடும். 2004-இல் ஊர்க்காரர்களே சமுதாயச் சூழல் கண்காணிப்பாளர்களாகத் திரண்டார்கள். அமெரிக்க ஆலைப்பகுதி மக்கள் பயன்படுத்திய ஒரு முறையை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு பிளாஸ்டிக் வாளி, அதற்குள் ஒரு பை, காற்றை உறிஞ்ச ஒரு சிறு கருவி. நாற்றம் வந்த நிமிடத்தில் காற்றைப் பிடித்து மூடி ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட நச்சு வேதிப்பொருள்கள் அந்தக் காற்றில் இருப்பது தெரிந்தது. கோடிக்கணக்கான கடனில் நடக்காத ஒன்று அந்த வாளியால் நடந்தது. மாசைப் பற்றிய ஆதாரம் முதன்முறையாக அதைச் சுவாசித்தவர் கையில் இருந்தது. ஆலை வேண்டாம் என்று அந்த மக்கள் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு அங்கே வேலை வேண்டும் என்றுதான் கேட்டார்கள். அளந்து காட்டிவிட்டு நடத்துங்கள் என்றார்கள். பொறுப்பான தொழிலுக்கு இதைவிட எளிய இலக்கணம் எனக்குத் தெரியாது.

உதவி தரும் நாடுகள் நிலையானவை அல்ல. 2003-இல் இந்தியாவே முடிவெடுத்துச் சிறிய அளவில் உதவி தந்துவந்த நாடுகளின் அரசு உதவியை நிறுத்திக்கொண்டது. டென்மார்க், ஸ்வீடன், நெதர்லாந்து, கனடா போன்றவை விடைபெற்றன. அமெரிக்கா 2025 ஜூலையில் தன் உதவி நிறுவனத்தையே மூடியது. வாஷிங்டனில் ஆட்சி மாறினால் ஆப்பிரிக்க ஊர் ஒன்றில் மருந்தகம் பூட்டப்படும். ஆகவே எந்த உதவியையும் அது நிற்கப்போகும் நாளை நினைத்தே வாங்க வேண்டும்.

உதவி நின்றபின் பிச்சாவரத்து வாய்க்கால்களின் நிலை இதுதான். ஓதத்தோடு வண்டலும் வரும். ஆண்டுதோறும் தூர் வாராவிட்டால் வாய் அடைத்துக்கொள்ளும். வாய் அடைத்தால் பழையபடி நீர் தேங்கும், உப்பு ஏறும், மரம் காயும். வெட்டுவதற்குக் கனடா பணம் கொடுத்தது. தூர் வாருவதற்குக் கனடா வராது, வரவும் கூடாது. அந்தச் செலவு ஆண்டுதோறும் யார் கணக்கில், எந்தத் தலைப்பில், யார் கையெழுத்தில் வர வேண்டும் என்பது இன்னும் உறுதியாகவில்லை. ஒரு ஆண்டு வனத்துறையிடம் நிதி இருக்கும், இன்னொரு ஆண்டு இருக்காது.

இப்போது மீண்டும் பணம் வருகிறது. உலக வங்கியின் துணையோடு தமிழ்நாடு அரசு நெய்தல் மீட்சி இயக்கத்தைத் தொடங்கியிருக்கிறது. கடலோரக் காடு, கடற்புல், மீனவர் வாழ்வு, சூழல் சுற்றுலா, சிறுதொழில் எல்லாம் அதில் இருக்கின்றன. வரவேற்கிறேன். மாவட்ட நிர்வாகத்திடமும் வனத்துறையிடமும் இந்த மேடையிலிருந்து மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். வாய்க்கால் வெட்ட ஒதுக்கும் தொகையோடு தூர் வாரும் தொகையையும் சேர்த்து, அதை ஊர்க்குழுவின் பெயரில் நிரந்தர வைப்பாகப் போடுங்கள். வட்டியில் வேலை நடக்கட்டும். அந்தக் குழுவில் எம்.ஜி.ஆர். நகர் இருளர் பெண்களுக்கு அழைப்பின் பேரில் அல்லாமல் விதிப்படியே இடம் கொடுங்கள். சுற்றுலாப் படகிலோ நண்டு வளர்ப்பிலோ முதல் போடும் எந்தத் தனியாருக்கும் கடன் கொடுக்குமுன் அந்தக் குழுவின் இசைவைக் கேளுங்கள். இதைத் தொழிலுக்குப் போடும் தடையாகத் தொழில்முனைவோர் நினைக்க வேண்டாம். கழி செத்தால் முதலில் மூழ்குவது உங்கள் முதல்தான். பரங்கிப்பேட்டையில் ஹீத் மூழ்கியதும் அப்படித்தான்.

மாணவர்களிடம் கேட்பது வேறு. உங்கள் கடல் உயிரியல் மையத்திலிருந்து கிள்ளை கூப்பிடு தூரம். மாதம் ஒருமுறை வாய்க்கால்களின் உவர்ப்பை அளக்க உங்களிடம் கருவி இருக்கிறது, படிப்பு இருக்கிறது, படகோட்டத் தெரிந்த நண்பர்கள் அந்த ஊரில் இருக்கிறார்கள். அளந்த எண்ணை ஆய்வேட்டில் மட்டும் வைக்காமல், கிள்ளைப் பேரூராட்சி அலுவலகத்தின் பலகையில், தமிழில், மாதந்தோறும் எழுதி வையுங்கள். இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்குங்கள்.